பதினேழாம் பிரதியில் ஒரு பொட்டு

அன்புள்ள தேவா மச்சான்,

பதினேழு கிடைத்துவிட்டதடா. உடனே சொல்ல உன் நம்பருக்கே விரல் போனது. பிறகுதான் நீ இல்லை என்பது உறைத்தது. அதனால்தான் இந்தக் கடிதம்.

நூறே பிரதி அச்சடித்து, ஒவ்வொன்றிலும் ஆசிரியரே கையால் எண் போட்ட நாவல். பக்கம் பக்கமாகப் போனாலும் முற்றுப்புள்ளி வராது. ஈப்போவில் நம்மைத் தவிர வேறு எந்தக் கிறுக்கன் அதை வாங்கியிருப்பான்? உனக்குப் பதினேழு, எனக்குப் பதினெட்டு. நான் பிளாஸ்டிக் உறை போட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினேன். நீ ஜெலாப்பாங் ஃபேக்டரிக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் படித்தாய்.

அந்த வருடம் சரஸ்வதி பூசைக்கு உன் வீட்டுக்கு வந்தேன். சாமி படத்தின் முன் அடுக்கிய புத்தகங்களில் அதுவும் இருந்தது. திறந்தால், எண்ணின் மேலேயே சந்தனமும் குங்குமமும்.

"நாசமாக்கிட்டியேடா, இனிமே இது வெறும் பழைய பேப்பர்" என்று உன் மனைவி பிள்ளைகள் முன்னாலேயே கத்தினேன்.

"சாமிக்கு வச்ச புத்தகம் மச்சான், பொட்டு வைக்காம எப்படி லா?" என்றாய்.

அடுத்த வாரமே அதை யாருக்கோ கொடுத்துவிட்டாய். யாருக்கு என்று கடைசிவரை சொல்லவில்லை. மற்ற எல்லாம் பேசினோம், அதை மட்டும் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஏனடா கேட்காமல் போனேன்?

நேற்று செமோரிலிருந்து ஓர் அக்கா கூப்பிட்டார். உன்னோடு ஃபேக்டரியில் வேலை பார்த்தவரின் மனைவியாம், உன் வீட்டில் என் நம்பர் வாங்கினாராம். "வீடு மாத்துறோம் தம்பி. அவரு புத்தகமெல்லாம் நாளைக்குப் பழைய பேப்பர் லோரில போயிரும், வேணும்னா வந்து பாருங்க" என்றார்.

காரைப் பூட்டினேனா என்றுகூடத் தெரியாது, அப்படி ஓடினேன். மூன்றாவது பெட்டியில் இருந்தது. முதல் பக்கத்தை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தேன், பொட்டுக்கு அடியில் பதினேழு தெரிந்தது. காய்ந்த சந்தனத்தில் உன் கட்டைவிரல் ரேகை அப்படியே இருக்கிறதடா. மெஷின் வெட்டிய தழும்புகூடக் குறுக்கே ஒரு கோடாக விழுந்திருக்கிறது.

"கறை பட்டிருக்கே தம்பி, பரவால்லயா?" என்றார் அக்கா.

"அதுதாங்க்கா வேணும்" என்றேன்.

இந்தச் சரஸ்வதி பூசைக்கு இரண்டு புத்தகத்தையும் உன் வீட்டுக்குக் கொண்டுவருவேன். பதினெட்டின் உறையைக் கழற்றி, உன் பிள்ளைகள் பார்க்க, எண்ணின் மேலேயே என் கட்டைவிரலால் சந்தனம் வைப்பேன்.

பக்கத்து எண்காரன்,
உன் மச்சான் குமரன்