ஸ்வாத் ஆற்றில் தண்ணீர்

14.5.1994, சனி. சத்வா.

காலையில், நான் வேலை பார்க்கும் அரபுநாட்டுத் தையல்கடை டிவியில் வானிலை அறிக்கை. பாகிஸ்தான் மலைகளில் கோடை முந்திவிட்டதாம், பனி உருகி ஆறுகள் பெருகுமாம். ஸ்வாத் ஆற்றின் பெயர் வந்ததும் பக்கத்து மெஷினில் குல்ஜார் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டான். அவன் வீடு அந்தக் கரையில்தான். அம்மா, மனைவி, இரண்டு பெண் குழந்தைகள்.

"ஆத்துல தண்ணியா? ஜல்தி மிட்டாய் எடு பாய்!" என்று சிரித்தேன். பரமக்குடியில் வைகை மணலை மட்டும் பார்த்து வளர்ந்த புத்தி.

"எங்க ஆறு வீட்டையே தூக்கிட்டுப் போகும்" என்றான். அதற்குமேல் எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மதியம் அவனுக்காக முதலாளியிடம் லீவு கேட்டேன். முதலாளி கீழக்கரைக்காரர். பாஸ்போர்ட்டெல்லாம் அவர் பெட்டியில்.

"யாராச்சும் மவுத்தா?"

"இல்ல மொதலாளி. வெள்ளம் வர்றதுக்குள்ள புள்ளைகள மேட்டுல கொண்டுபோய் விடணுங்குறான்."

"மவுத்துன்னா தந்தி வரும்ல, வந்தா அனுப்புறேன். ஹஜ்ஜுப் பெருநாள் துணி குமிஞ்சு கெடக்கு. ஆத்துக்கெல்லாம் லீவு குடுத்தா கடைய நீயாடா நடத்துவே?"

பிணம் விழுந்தால்தான் இவர்களுக்கு இரக்கம் சுரக்கும். அதையும் தந்தியில் காட்டவேண்டும்.

ரூமுக்கு வந்தும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஊருக்கு போன் போட்டுப் பொய்த் தந்தி அடிக்கச் சொல்லு பாய். பாதிப்பேர் அப்படித்தான் லீவுல போறான்" என்றேன்.

குல்ஜார் என் பக்கம் திரும்பினான். "யார் செத்ததா அடிக்கச் சொல்ல?" என்று கேட்டான்.

அவனுடைய வயதான அம்மாவைச் சொல்ல வாயெடுத்தேன். சொல்ல முடியவில்லை.