தார்ப்பாய்க்குள் இருந்த வண்டி

மதிப்புக்குரிய சம்மந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே நானும் உங்கள் மருமகளும் நலம். வண்டிதான் நலமில்லை. போன் செய்தால் எடுக்கமாட்டேன் என்கிறீர்கள். கடிதம் மணியடித்துத் தொந்தரவு செய்யாது. பேசாமல் வாசலில் கிடக்கும், என்றைக்காவது குனிந்து எடுத்துத்தானே ஆக வேண்டும். மாலை வகுப்பில் எழுத்துக் கற்ற பிறகு நான் எழுதும் முதல் கடிதம் இது. ஒரு வரி முடிவதற்குள் டீ ஆறிவிடுகிறது. ஆனாலும் சந்தோஷம் தாங்கவில்லை. இதைச் சாப்பிடும்போது மட்டும் படிக்காதீர்கள். காரணம் போகப்போகத் தெரியும்.

போன முறை வந்தபோது, உங்கள் மருமகள் வண்டியைப் பிரிக்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டு, என் பையன் வண்டியில் ஒரு ஆணியைக்கூட யாரும் தொடக் கூடாது என்று சொன்னீர்கள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பினீர்கள். நாங்கள் தொட்டுவிட்டோம், சம்மந்தி.

அவளுக்கு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது உங்களுக்குத் தெரியும். முதல் பஸ் வருவதற்கு முன்பே அங்கே மாவு பிசையத் தொடங்கிவிடுவார்கள் என்பது தெரியாது. பாதி தூரம் நடக்கிறாள். மீதி தூரம், பால்காரர் மனது வைத்தால், அவர் கேன்களுக்கு நடுவில் ஒடுங்கி உட்கார்ந்து போகிறாள். இனி ஒரு தடவை தாமதமானால் வரவே வேண்டாம் என்று மேற்பார்வையாளர் சொல்லிவிட்டார். வேறு வண்டி வாங்க உங்கள் வீட்டிலும் வழியில்லை, என் வீட்டிலும் வழியில்லை. மாப்பிள்ளை காய்ச்சலில் போனதிலிருந்து அவருடைய மோட்டார் சைக்கிள் எங்கள் வீட்டுப் பின்கட்டில் சும்மா நிற்கிறது. அவளுக்கு ஓட்டச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தானே.

தார்ப்பாயை அவிழ்த்தோம். அந்த நாற்றத்தை எப்படி எழுதுவது? எனக்குத் தெரிந்த எழுத்துகள் போதவில்லை. சீட்டின் ரெக்ஸினைத் தூக்கினால் உள்ளே ஸ்பாஞ்சே இல்லை. அத்தனையையும் எலி கடித்துத் துருவி, தன் குடும்பத்துக்கு மெத்தை போட்டிருக்கிறது. மெத்தை முழுக்க மூத்திரம். ஏர் ஃபில்டர் பெட்டிக்குள் ஒரு எலி செத்து, காய்ந்து, அப்பளம் மாதிரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சுரண்டி எடுத்தவன் நான். அன்றைக்கு முழுவதும் சோறு இறங்கவில்லை. பேட்டரி பொங்கி வெள்ளைப் பூஞ்சையாகப் பூத்திருந்தது. செயினைக் கழற்றினால் வளையவில்லை, குச்சி மாதிரி விறைத்து நின்றது. என்ஜினிலிருந்து வடித்த ஆயில் கறுப்புக் களியாகப் பொத்தென்று விழுந்தது.

தெருமுனை மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு மூக்கைப் பொத்திக்கொண்டார். "பெரியவரே, இது வண்டி இல்ல, எலிப் பண்ணை," என்றார். அவர் கேட்ட கூலி நமக்குக் கட்டாது. ஸ்பேனர்களை மட்டும் இரவல் கொடுத்தார். பழைய இரும்புக் கடையில் இதே மாதிரி வண்டியின் கார்புரேட்டர் ஒன்று கிடைக்கும், என் பெயரைச் சொல்லி வாங்குங்கள் என்றும் சொல்லி அனுப்பினார். அங்கே போய் அவர் பெயரைச் சொன்னதும் கடைக்காரர் விலையை ஏற்றிவிட்டார். ஏற்றிய விலைக்கே வாங்கி வந்தோம். இருவருக்கும் ஏதோ பழைய பகை போலிருக்கிறது.

உங்கள் மருமகள் கழற்றுவாள். நான் ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் எழுதி ஒட்டுவேன். வகுப்புக்கு வெளியே நான் முதன்முதலாக எழுதிய வார்த்தை 'கிளட்ச் கேபிள்'. எழுதி ஒட்டிவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆனால் புத்தி இருந்தால்தானே? பேப்பரைச் சோற்றுப் பசையால் ஒட்டியிருக்கிறேன். மறுநாள் பார்த்தால் மிச்சமிருந்த எலிகள் பெயர்களையெல்லாம் தின்றுவிட்டன. ஒரு தட்டு நிறைய நட்டும் போல்ட்டும், எது எங்கே என்று தெரியாமல் திருதிருவென்று விழித்தோம். மறுபடி பொருத்திப் பொருத்திப் பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். இப்போது கம்பியில் அட்டை கட்டித் தொங்கவிடுகிறேன்.

சைலன்சரைத் தாங்கும் போல்ட்டுக்குப் பதில் கட்டுக்கம்பி. பின் விளக்குக்கு அடியில் அறுத்த ரப்பர் செருப்பு. மாப்பிள்ளை கைவேலைதான். அதைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தக் கம்பியை நம்பியா என்னைப் பின்னால் உட்காரவைத்து ஊரெல்லாம் சுற்றினீர் என்று அவரை நேரில் நிற்கவைத்துக் கேட்பதுபோல் திட்டித் தீர்த்தாள். போனவரைத் திட்டக் கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு மூடிக்கொண்டேன். இத்தனை நாளில் அவள் அவரைப் பற்றி வாய் திறந்து பேசியது அன்றைக்குத்தான்.

இனிமேல் எழுதப்போவதை எழுதாமலே விட்டுவிடலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். வருஷா வருஷம் அவர் நினைவு நாளில் வருகிறீர்கள். வண்டியைத் துடைத்து, கேனில் கொண்டுவந்த பெட்ரோலை டேங்க்கில் ஊற்றி, தார்ப்பாயைக் காற்றுப் புகாமல் இறுக்கிக் கட்டிவிட்டுப் போகிறீர்கள். அவன் வந்து கேட்டால் வண்டி தயாராக இருக்க வேண்டும் என்று ஒரு தடவை சொன்னீர்கள். சம்மந்தி, நிற்கிற வண்டியில் பெட்ரோல் கெட்டுப்போகும் என்பது உங்களுக்கும் தெரியாது, பார்த்துக்கொண்டு நின்ற எனக்கும் தெரியாது. டேங்க்கைக் கவிழ்த்தால் அழுகிய வார்னிஷ் மாதிரி ஒரு பிசின் நூல் நூலாக ஒழுகியது. பழைய கார்புரேட்டர் அதிலேயே இறுகிச் செத்துவிட்டது. கட்டிய தார்ப்பாய்க்குள் ஈரம் வேர்த்து, துருப் பிடித்து, எலிக்கும் அது வாடகையில்லாத வீடாகிவிட்டது. யாரும் தொடாததால்தான் இந்தக் கதி. தொட்டிருந்தால் தேய்ந்திருக்கும், அழுகியிருக்காது.

டேங்க்குக்குள் பழைய நட்டுகளும் சோப்புத் தண்ணீரும் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக் குலுக்கினோம். துருத் தண்ணீர் கொட்டக் கொட்ட வந்துகொண்டே இருந்தது. என் நகக்கண்ணில் இன்னும் அந்தச் சிவப்பு போகவில்லை. கடைசியில் தெளிந்துவிட்டது. எல்லாவற்றையும் மாட்டியாகிவிட்டது. கையில் ஒரு போல்ட் மிச்சமிருக்கிறது. அது எங்கே போக வேண்டும் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஓடுமா என்று தெரியாது. சாவி உங்களிடம் இருக்கிறதே. மெக்கானிக் வந்து, இரண்டு வயரைச் சேர்த்துவிட்டால் சாவியே வேண்டாம் என்று வண்டிப் பக்கம் கையை நீட்டினார். உங்கள் மருமகள் தடுத்துவிட்டாள். "திருட்டு வண்டியாண்ணே இது? மாமா கையால சாவி குடுத்தா ஓட்டுறேன். இல்லன்னா நடந்தே போறேன்," என்றாள். வேலை போய்விடுமே என்று நான் சொல்லிப் பார்த்தேன். இன்றைக்கும் இருட்டோடு நடந்துதான் போனாள்.

சாவியைத் தபாலில் அனுப்ப வேண்டாம். சம்மந்தியம்மாவையும் அழைத்துக்கொண்டு நீங்களே வாருங்கள். வண்டியைக் கிளப்பும் முதல் உதை உங்களுடையது. முட்டிவலி இருந்தால் சாவியைத் திருப்புங்கள் போதும், உதைப்பதை அவள் பார்த்துக்கொள்வாள். பின் சீட்டில் புது ஸ்பாஞ்ச் போட்டிருக்கிறோம். யாரும் இன்னும் உட்காரவில்லை.

உங்கள் குடும்பம் நன்றாக இருக்கட்டும். அதில் உங்கள் மருமகளும் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன்.

வரும்போது பெட்ரோல் மட்டும் வாங்கி வராதீர்கள். இந்தத் தடவை அவள் வாங்கி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
காப்பியோடு காத்திருக்கும்
உங்கள் சம்மந்தி