தலையாட்டினால் போதாது

ஷீபா டாடி,

ஹாட்பாக்ஸில் இட்லி இருக்கிறது. சாவியை எதிர்வீட்டில் கொடுத்துவிட்டு இன்றைய ஊசிக்கு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள்.

நேற்று நர்ஸ் ஊசியோடு வந்து "ஆம்ப்ரோஸா?" என்றதும் "ஹௌது சிஸ்டர்" என்று கன்னடத்தில் ஆமாம் போட்டுத் தலையாட்டினீர்களே! உங்கள் பெயர் லாயிட். அது பக்கத்துக் கட்டில்காரருடைய இன்சுலின். உங்களுக்குச் சர்க்கரையே கிடையாது. நான் தடுத்ததற்கு, "எல்லார் முன்னாடியும் மானத்த வாங்கிட்டியே" என்று கத்தல் வேறு.

அவர்கள் பெயர் கேட்பது மருந்து ஆள் மாறாமலிருக்க. தலையாட்டல் எந்தப் பெயருக்கும் பொருந்திவிடும். முழுப் பெயரை நீங்களே சொன்னால்தான் தப்பு அங்கேயே நிற்கும். எதற்கு இந்த ஊசி என்றும் கேளுங்கள். நர்ஸ் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஷீபா உங்கள் கூட வருகிறாள். அவள் குறுக்கே கேட்டால் முறைக்காதீர்கள்.

பி.கு.: என்னோடு பேச மாட்டீர்களா? சரி. பத்திரமாக வீட்டுக்கு வந்து, இங்கே உட்கார்ந்து பேசாமல் இருங்கள்.