நான் நிற்கும் இடம்

ஆகஸ்ட் 3, ஞாயிறு

புதுக்கோட்டையில் ட்ரோன் சங்கக் கூட்டம். மொத்தம் பதினோரு பேர். அதில் நாலு பேருக்குத்தான் திருகாணியை எந்தப் பக்கம் திருப்புவது என்று தெரியும். மற்றதெல்லாம் கடையில் வாங்கி, பொத்தானை அமுக்கி, வானத்தைப் பார்த்து வாயைப் பிளக்கிற கூட்டம்.

செயலாளர் ஆத்மநாதன் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர். காலைப் பிரேயரில் வரிசை கலைந்த பிள்ளைகளைப் பார்ப்பது போலத்தான் இன்னமும் எங்களைப் பார்க்கிறார். டவுனில் யாரோ ஒரு வீட்டின் மேலே ட்ரோன் நின்றதாகப் புகாராம். ஆகவே சங்கத்தில் உள்ள எல்லோரும் ட்ரோனில் ஓர் அடையாள மாட்யூல் பொருத்தியாக வேண்டுமாம். பாதித் தீப்பெட்டி அளவு. பறக்கிற நேரமெல்லாம் அது ஓயாமல் சொல்லிக்கொண்டே இருக்கும்: ட்ரோனின் எண் இது, உயரம் இவ்வளவு, ஓட்டுகிறவன் இன்ன இடத்தில் நிற்கிறான். அக்கம்பக்கத்தில் எவன் வேண்டுமானாலும் போனில் ஓர் ஆப்பைப் போட்டுக்கொண்டு இதைப் பார்க்கலாம்.

எழுந்து கேட்டேன். "ட்ரோன் எங்க பறக்குதுன்னு சொல்லட்டும், சரி. நான் எங்க நிக்கிறேன்னு எவனுக்கு எதுக்குங்க?"

"தப்புப் பண்ணாதவங்களுக்கு என்னங்க பயம்?" என்றார். மற்ற ஒன்பது பேரும் கைதட்டினார்கள்.

"அப்ப இன்னைக்கு ஒங்க வீட்டுக் கதவக் கழட்டி வச்சிட்டுப் படுங்க" என்றேன். இதற்கு ஒருவனும் தட்டவில்லை. தலையாட்டிப் பொம்மைகள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

"ஏன் ரெண்டு நாளா உர்ருன்னு இருக்கீங்க?" என்றாள் சுகுணா. சங்கத்தில் தகராறு என்றேன். "பொம்மை விடுற சங்கத்துல என்ன தகராறு?" என்றாள். முப்பது வருடம் குடித்தனம் நடத்தியவளுக்கே என் ட்ரோன் பொம்மை.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

அறந்தாங்கி போய் வந்தேன். சுகுணாவிடம் சங்கத்துக்கு என்று சொன்னேன். சங்கம் மாதத்தில் முதல் ஞாயிறு காலை மட்டும்தான். அது அவளுக்குத் தெரியாது. ஏப்ரலிலிருந்து வாராவாரம் இதே பொய். இந்த நோட்டிலாவது உள்ளதை எழுதிவைக்கிறேன்.

ஊருக்கு வெளியே ஒரு கண்மாய். கரையில் சீமைக்கருவேல மரம் ஒன்று. அதன் மறைவில் நின்று ட்ரோனை ஏற்றினால் நீலத் தொட்டி வைத்த ஒரு மொட்டை மாடி தெரியும். சாயங்காலம் ஐந்து மணிக்கு அந்த மாடிக்குத் துணி எடுக்க வருகிறவள் அன்புமொழி. என் மகள். இல்லை - மகளாக இருந்தவள். பிப்ரவரியில் பதிவாளர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு அவனோடு வந்து நின்றபோது, "எனக்கு மகளே இல்ல" என்று தெருவே கேட்கும்படி சொன்னவன் நான்தான்.

அவன் பிராங்க்ளின். கல்யாண வீட்டு வீடியோக்காரன். மாப்பிள்ளையும் பெண்ணும் வாழைத்தோப்பில் கைகோத்து நடப்பதை மேலே இருந்து எடுத்துப் பின்னால் பாட்டைச் சேர்ப்பான். அதற்குப் பெயர் கலையாம்! என் தங்கை மகள் கல்யாணத்துக்கு வந்தபோது அவன் ட்ரோனில் மோட்டார் போய்விட்டது. எந்த மடையன் அவனை வீட்டுக்குக் கூட்டிவந்து, டீ கொடுத்து, சால்டரிங் வைத்துச் சரிசெய்து கொடுத்தான்? நான். கம்பியைப் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டது யாரை? அவளை.

இன்று போனில் பேசிக்கொண்டே மாடிக்கு வந்தாள். சிரித்தாள். யாரோடு இத்தனை சிரிப்போ. அப்புறம் சட்டென்று இறங்கிவிட்டாள். அடுப்பில் ஏதாவது வைத்திருப்பாள்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

மாட்யூல் வந்துவிட்டது. வாங்காமல் இருந்திருப்பேன். ஆனால் போன வருடம் ஆலங்குடிப் பக்கம் போலீஸ்காரர் என்னை மறித்தபோது சங்கத்துக் கடிதத்தைக் காட்டித்தான் தப்பித்தேன். மாட்யூல் இல்லாதவனுக்கு இனிக் கடிதம் கிடையாதாம். ஆத்மநாதன் முகத்தில் அதைச் சொல்லும்போது என்ன ஒரு பூரிப்பு.

இருநூற்று முப்பத்தெட்டு கிராமில் கட்டிய ட்ரோன். இருநூற்றைம்பதைத் தாண்டினால் விதிமுறைத் தொல்லை கூடும். இந்தச் சனியனைச் சேர்த்தால் தாண்டுகிறது. பெரிய பேட்டரியைக் கழற்றிச் சின்னது போட்டேன். பதினேழு நிமிடம் பறந்தது இனிப் பத்து நிமிடம்தான்.

மாட்யூல் அடையாளத்துக்கு எண் ஒன்று கொடு என்றது. இருபத்தெட்டு வருடம் தொலைபேசித் துறையில் கழித்தவனுக்கு எண்ணுக்கா பஞ்சம்? நம் வீட்டுப் பழைய லேண்ட்லைன் எண்ணைப் போட்டேன். இணைப்பு எப்போதோ போய்விட்டது. எண்ணாவது எதற்காவது ஆகட்டும்.

செப்டம்பர் 7, ஞாயிறு

காலையில் சங்கத்தில் சோதனை. பாஸ். பொத்தானை மூன்று நொடி விடாமல் அமுக்கினால் மாட்யூல் அணைகிறது. பச்சை விளக்கு எரிந்தால் பேசும், எரியாவிட்டால் ஊமை. சங்கத்தில் பேச்சு, அறந்தாங்கியில் ஊமை. ஆத்மநாதன் படித்த படிப்பெல்லாம் இதற்கு முன்னால் எம்மாத்திரம்!

செப்டம்பர் 14, ஞாயிறு

சின்ன பேட்டரிக்கு மரத்தடியிலிருந்து போய்வரக் கட்டுப்படியாகவில்லை. வீட்டுக்குக் கிட்டத்தில் இருக்கும் மடைக்கு மாறினேன். மறைவே இல்லை. இதுவும் ஆத்மநாதன் புண்ணியம்.

மாடிக்கு வந்தாள். மெதுவாக நடந்தாள், இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு. துணியை எடுக்கத் திரும்பியபோது வயிறு தெரிந்தது.

ஐந்து மாதம் இருக்கும். ஐந்து மாதம்! ஒரு வார்த்தை - எனக்கு எதற்குச் சொல்வாள்? மகளே இல்லை என்றவனுக்கு யார் சொல்வார்கள்?

சுகுணாவிடம் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. யார் சொன்னார்கள் என்று கேட்பாளே. விழுங்கிவிட்டேன்.

செப்டம்பர் 21, ஞாயிறு

மடையில் ஒரு ஆட்டுக்காரி. பெயர் உண்ணாமலையாம். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் வேறு வேலையே கிடையாது, அடுத்தவன் என்ன செய்கிறான் என்று பார்ப்பதைத் தவிர.

"வாராவாரம் அந்த வீட்டுக்கேதான் அனுப்புறீங்க? அந்தப் புள்ள முழுகாம இருக்குங்க."

"கண்மாய்த் தண்ணி அளக்குறேன்" என்றேன்.

"தண்ணி எங்கிட்டுக் கெடக்கு?" என்றாள். கண்மாய் பாளம் பாளமாய் வெடித்துக் கிடந்தது. அவள் ஆடுகள் அதற்குள்தான் மேய்ந்துகொண்டிருந்தன.

என்னை வேவு பார்க்கிறவன் என்று நினைத்துவிட்டாள். நானா வேவு பார்ப்பவன்? பெற்ற பிள்ளையைப் பார்ப்பது வேவா?

அவளுக்குத் தெரியாமல் பார்த்தால்?

இப்போதெல்லாம் அன்புமொழி சீக்கிரமே இறங்கிவிடுகிறாள்.

அக்டோபர் 1, புதன்

ஆயுத பூஜை. சுகுணா கிண்ணத்தில் சந்தனத்தைக் கரைத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்துவிட்டாள். மல்டிமீட்டர், சால்டரிங், குறடு, ட்ரோன், ஒன்றையும் விடவில்லை. மாட்யூலுக்கும் ஒரு சந்தனம், அதன்மேல் குங்குமம். எதற்கு எங்கே பொட்டு வைப்பது என்று ஒரு கணக்கு வேண்டாமா! துடைக்கப் போனேன். "பூசை வச்ச பொட்டத் தொடைப்பீங்களா? தானா உதுரட்டும்" என்று ஒரு சத்தம். விட்டுவிட்டேன்.

அக்டோபர் 5, ஞாயிறு

காலையில் சங்கம். ஆத்மநாதன் போனைப் பார்த்து, "வருதுங்க, வருதுங்க" என்று மகிழ்ந்தார். முடிந்ததும் மாட்யூல் பொத்தானை அமுக்கினேன். விளக்கு இல்லை. சரி, ஊமையாகிவிட்டது.

சாயங்காலம் அறந்தாங்கி. இன்று அவள் இறங்கவில்லை. போனைப் பார்த்தாள், ட்ரோனை நிமிர்ந்து பார்த்தாள், மறுபடி போனைப் பார்த்தாள். பேட்டரி தீரும்வரை நின்றாள். முகத்தை இவ்வளவு நேரம் பார்த்து எட்டு மாதம் ஆகிறது. இளைத்திருக்கிறாள். அந்த வீடியோக்காரன் சோறு போடுகிறானா, படம்தான் காட்டுகிறானா?

அக்டோபர் 12, ஞாயிறு

நடந்ததை நடந்தபடியே எழுதிவிடுகிறேன்.

ஐந்து மணிக்கு ஏற்றினேன். மாடியில் ஆள் இல்லை. துணி மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. இன்னும் காணோமே, இன்னும் காணோமே என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அப்பா."

பின்னால். நாலடி தூரத்தில். மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். கரைக்குக் கீழே பைக்கில் அவன். கிட்டே வரவில்லை.

போனை நீட்டினாள். அதில் ஒரு மேப், அதில் கண்மாய், அதில் மடை, மடைமேல் ஒரு புள்ளி. நான்.

"ஆறு மாசமா மேல ஏதோ வந்து நிக்கிதுன்னு எவ்வளவு பயந்தேன் தெரியுமா? தலைக்குக் குளிச்சிட்டு மாடிக்கு வர மாட்டேன். சன்னலச் சாத்திக்கிட்டு வெக்கையில கெடந்தேன். எவன்னு கண்டுபிடிச்சு ஒதைக்கணும்னுதான் அவரு இந்த ஆப்பப் போட்டுக் குடுத்தாரு. தெனமும் பாத்தும் ஒண்ணும் வரல. போன வாரந்தான் நம்பர் வந்துச்சு. நம்ம வீட்டு நம்பர். ஒண்ணாவது படிக்கிறப்ப நீங்க எனக்கு மனப்பாடம் பண்ணிக் குடுத்தது."

நான் என்ன சொன்னேன்? எட்டு மாதம் கழித்து மகள் எதிரில் வந்து நிற்கிறாள், ஒரு தகப்பன் என்ன சொல்ல வேண்டும்?

"பேட்டரி தீரப்போவுது" என்றேன்.

அழுதுவிட்டாள். அழுதுகொண்டே, "எறக்குங்க அதை" என்றாள். இறக்கினேன்.

"அது என் வீட்டு மாடிப்பா. இனிமே மேல இருந்து பாக்காதீங்க. பாக்கணும்னா வாசல் வழியா வாங்க. வர முடியாதுன்னா பாக்காதீங்க. ரெண்டுல ஒண்ணு."

போய்விட்டாள். கரைச் சரிவில் இறங்க அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்தான் ஓடிப்போய்ப் பிடித்திருக்க வேண்டும். என்னால நகரவே முடியல. சீ, என்ன மனுசன் நான்! சங்கத்துல எந்திரிச்சு நின்னு பெரிய நியாயம் பேசினேன். எவனோ என்னப் பாப்பான்னு எனக்கு அவ்வளவு ஆத்திரம். அவ சன்னலச் சாத்திக்கிட்டுக் கெடந்திருக்கா.

அக்டோபர் 13, திங்கள்

மாட்யூல் மேலிருந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டிவிட்டு ட்ரோனைப் போட்டுப் பார்த்தேன். அடியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. பொட்டு மறைத்ததை அணைந்தது என்று நினைத்து, மூன்று நொடி முடியும் முன்பே விரலை எடுத்திருக்கிறேன்.

அக்டோபர் 14, செவ்வாய்

சுகுணாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அரிசி புடைப்பதை நிறுத்தவே இல்லை அவள்.

"இப்ப ஆறு மாசம். எனக்கு ஆடியிலயே தெரியும்" என்றாள்.

"எப்புடி?"

"நீங்க ஞாயித்துக்கெழம சங்கத்துக்குக் கெளம்பினாத்தான எனக்கு அவகூட நிம்மதியாப் பேச முடியும்?"

மாடியில் சிரித்துச் சிரித்துப் பேசியது இவளோடுதான். இங்கே இவள் பேச, அங்கே அவள் பேச, நடுவில் நான் ஊமைப் படம் பார்த்திருக்கிறேன். என்னைவிட வடிகட்டின முட்டாள் நம் சங்கத்தில்கூடக் கிடையாது.

"திங்கக்கெழம தீவாளி. தலைத் தீவாளிக்கு நேர்ல போயி அழைக்கணும். அழைக்கிறதா இல்லையா?" என்றாள்.

அவள் புடைத்து முடிக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

அக்டோபர் 16, வியாழன்

"ஞாயித்துக்கெழம போவோம்" என்றேன். "எங்கிட்டு?" என்றாள், தெரியாதவள் மாதிரி. கொழுப்பு.

அக்டோபர் 19, ஞாயிறு

காலையில் மழை. மதியம் வெறித்ததும் கிளம்பினோம். வாசல் வழியாகவே போனேன். "வாங்க மாமா" என்றான் அவன். டீயில் சீனி அதிகம். டிவி பெட்டிக்குப் பின்னால் வயர்களைச் சுற்றிவைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தால் வயிறு எரிகிறது. டீயைக் குடித்து முடித்தேன். தட்டில் வேட்டியும் சேலையும் வெற்றிலை பாக்கும் வைத்து சுகுணா நீட்டினாள். "ரெண்டு பேரும் வீட்டுக்கு வந்துரணும்" என்று நான் சொன்னேன். அன்புமொழி அவனைப் பார்த்தாள். அவன் என்னைப் பார்த்தான். "வாரோம் மாமா" என்றான்.

சாயங்காலம் அவள்தான் கேட்டாள். "ட்ரோன எடுத்துட்டு வந்தீங்களாப்பா?"

வண்டிப் பெட்டியில் இருந்தது. பழக்கம்.

"மாடிக்கு வாங்க. இப்ப நானே சொல்றேன், விடுங்க. மாட்யூலப் போட்டு விடுங்க."

நீலத் தொட்டிக்குப் பக்கத்தில் நின்று ஏற்றினேன். நாலு பேரும் அண்ணாந்து பார்த்தோம். அவன் போனைக் கொண்டுவந்து, "நீங்க நிக்கிற எடத்தக் காட்டுது பாருங்க மாமா" என்றான். பார்த்தேன். நான் மாடி நடுவில் நிற்கிறேன், அது கொல்லைக் கிணற்றுக்குள் நிற்கிறேன் என்கிறது. பத்தடி பிசகு. இந்த லட்சணத்தில் ஒரு மாட்யூல், அதற்கு ஒரு சங்கம், அதற்கு ஒரு செயலாளர்.

வீட்டைச் சரியாகத்தான் காட்டுகிறது.