நடுவில் விரித்த சாக்கு

இன்று காலை மிளகு காயப்போடுவதற்காகச் சாக்கை உதறினேன். கூட்டத்தில் நீங்கள் உட்கார்ந்த சாக்கு. உங்கள் சுருட்டு வாசம் இன்னும் போகவில்லை. மடித்து வைத்துவிட்டு, மிளகை வேறு சாக்கில் கொட்டினேன்.

லண்டனில் அரசாங்க ஆபீசில் கோப்பு பார்த்து, பிறகு தூதராகி நாடு நாடாகச் சுற்றி, ஓய்வு பெற்றபின் இந்த மலைமேல் வாழவந்தி நாட்டில் எங்கள் கீழ் வீட்டுக்குக் குடிவந்தீர்கள். சென்னையில் வேலை பார்த்தபோது கற்ற புத்தகத் தமிழ் உங்களுக்கு. "அம்மணி, தேநீர் அருந்தலாமா?" என்று நீங்கள் கேட்டால் என் மருமகள் உள்ளே ஓடிப்போய்ச் சிரிப்பாள். உங்கள் உத்தியோகக் கதை எல்லாவற்றிலும் சண்டைக்காரர்கள் இரண்டு பக்கம், நடுவில் நீங்கள். "நான் எந்தப் பக்கமும் சாய்ந்ததில்லை" என்பீர்கள், பெருமையாக. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அப்ப அடி வாங்குனவன் கதி என்னாச்சுங்க?" என்று ஒருநாள் கேட்டேன். நீங்கள் சுருட்டைப் பற்றவைத்தீர்கள்.

பிறகுதான் ரிசார்ட்காரர்கள் எங்கள் ஊற்றைக் கேட்டு வந்தார்கள். அவர்களுக்கு நீச்சல்குளம் வேண்டும். எங்களுக்குக் குடிக்க அந்த ஒரு ஊற்றுதான். பலா மரத்தடியில் ஊர்க்கூட்டம். சமரசம் பேச உங்களையும் அழைத்திருந்தார்கள். பழக்கதோஷம், இரண்டு தரப்புக்கும் சரி நடுவில் சாக்கை விரித்து உட்கார்ந்தீர்கள். ஊரே சிரித்தது.

என் கொழுந்தனார்தான் சொன்னார்: "ஏனுங்க தொரை, அங்க தப்புப் பண்ணுனவங்களத்தான் உக்கார வெப்போமுங்க."

உங்கள் முகம் சிவந்துவிட்டது. கோபித்துக்கொண்டு போய்விடுவீர்கள் என்று நினைத்தேன். அவர்களைப் பார்த்தீர்கள், எங்களைப் பார்த்தீர்கள். சாக்கைச் சுருட்டிக்கொண்டு வந்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தீர்கள். "பாதித் தண்ணீர்கூடக் கொடுக்க வேண்டாம்" என்றீர்கள். அன்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

இந்த மழைக்காலத்தில் நீங்கள் போய்ச் சேர்ந்தீர்கள். ஈரம் காய்வதற்குள், அன்று வெறுங்கையோடு இறங்கிப் போன ரிசார்ட்காரர்களின் தரகர் சேந்தமங்கலத்திலிருந்து மறுபடியும் ஏறி வந்துவிட்டார். "தொரையே போயிட்டாருங்க. இனி உங்களுக்கு யாரு பேசுவாங்க?" என்கிறார்.

நீங்கள் வருவதற்கு முன்பும் எங்களுக்கு வாய் இருந்தது. நீங்கள் எங்களுக்கு வாய் கொடுக்கவில்லை, பக்கத்தில் வந்து உட்கார்ந்தீர்கள். எனக்கு அதுதான் பெரிது.

இன்று மதியம் கூட்டம். சாக்கை எடுத்துக்கொண்டு போகிறேன். என் பக்கத்தில் விரித்து வைப்பேன், அதில் ஒருவரையும் உட்கார விடமாட்டேன். தரகருக்கு இடம் இல்லாமல் போகாது. நடுவில் காலியாகத்தான் இருக்கிறது.