மூன்றடி ஓட்டை

14 மே 1986, புதன். தாராவி.

வாப்பா தோல் கிடங்கில் வேலை பார்த்தபோது குடியிருந்த ஓட்டு வீட்டை இரண்டு வீடாக ஆக்குகிறோம். கீழே கூடப் பிறந்த மூத்தவளான லாத்தாவின் குடும்பம், மேலே நான். பழைய தேக்குச் சட்டங்களையே திரும்பப் போட்டோம். மேஸ்திரி என் தரையின் நடுவில் மூன்றடிக்கு ஓட்டை விட்டு, அதற்கு நேர் மேலே கூரையில் கண்ணாடி ஓடு பதித்துவிட்டார். கீழே பகலில் பல்பு வேண்டாமாம். லாத்தாவின் வெளிச்சத்துக்கு என் இடமா? கட்டில் எங்கே போடுவது? ஒரு வாரமாக லாத்தாவோடு இதே சண்டை.

இன்று மத்தியானம் ஓட்டையை மூடப் பலகையோடு ஏறினேன். கீழே லாத்தா வெயில் விழுந்த இடமாகப் பார்த்து உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அந்த வீட்டுக்குள் அவள் முகம் இவ்வளவு தெளிவாகத் தெரிந்து நான் பார்த்ததில்லை. தலை இத்தனை நரைத்துவிட்டதா?

நிமிர்ந்து பார்த்தாள். “ஏலே, சாயா குடிக்கியா? கயிறு இருந்தா எறக்கு.”

தூக்குச்சட்டியில் சாயா மேலே வந்தது. சூடு ஆறவில்லை.

கட்டிலைச் சுவரை ஒட்டிப் போட்டால் இடம் இருக்கிறது, அளந்துவிட்டேன். பலகையை ஓட்டையைச் சுற்றித் தடுப்பாக அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் தூக்கக் கலக்கத்தில் லாத்தா தலையிலேயே போய் விழுவேன்.