மூன்றும் ஒரே சாய்வு நாற்காலியில்

மாப்ளே,

திருத்துறைப்பூண்டி ஜெராக்ஸ் கடையில் எடுத்து வந்த தாள்கள் என் மடியில் கிடக்கின்றன. எல்லாம் அமெரிக்க அரசாங்கத்தைப் பற்றிய கேள்விகள். என் மகளுக்கு அங்கே குடியுரிமைப் பரீட்சை வருகிறது. கேள்வியையும் பதிலையும் அவளே தமிழில் எழுதி அனுப்பிவிட்டு, தினமும் காலையில் போனில் என்னைக் கேட்கச் சொல்கிறாள். எட்டாம் வகுப்பை இரண்டு வருடம் படித்தும் முடிக்காத என்னை வாத்தியாராக்கியதற்கு ஒரு காரணமும் சொன்னாள்: "அந்த ஆபீசரை நெனைச்சா பயமா இருக்குப்பா. நீங்க கேட்டா சிரிப்புதான் வருது."

நேற்று வந்த கேள்வி, 'சட்டத்தின் ஆட்சி என்றால் என்ன?' அவள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே, தாளைப் பார்க்காமல் நான் சொல்லிவிட்டேன். "சட்டம் போட்டவனும் அந்தச் சட்டத்துக்குள்ளதாம்மா நிக்கணும்." "இதெல்லாம் உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?" என்றாள்.

"உன் மாமா சொன்னது," என்றேன். அப்புறம் முழுக் கதையையும் சொல்லவேண்டியதாயிற்று. அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீ கண்ணை மூடி ஆறு மழைக்காலம் ஆயிற்று. தபால்காரர் சிரிக்கட்டும்.

ஊரில் இரண்டு கொடிக்கம்பம் நின்ற காலம் அது. பஸ் நிற்கும் இடத்தில் கருப்பு சிவப்பு, தெருக்கோடியில் சிவப்பு. நீ சிவப்புக் கொடிச் சங்கத்து ஆள். ஆனால் பேப்பர் படிக்க மட்டும் கருப்பு சிவப்புப் படிப்பகத்துக்கு வருவாய், அங்கேதான் மின்விசிறி இருந்தது. அமெரிக்க அலுவலகத்துக்குக் கார்டு எழுதிப் போட்டால் இலவசமாகப் புத்தகம் அனுப்புகிறார்கள் என்று யாரோ சொல்ல, நீயும் எழுதிப் போட்டாய். வந்தது அமெரிக்க அரசாங்கம் எப்படி நடக்கிறது என்று விளக்கும் ஒரு தமிழ்ப் புத்தகம். சங்கத்தில் உன்னைக் கிழித்துவிட்டார்கள்.

"தோழருக்கு அமெரிக்காவுலேருந்து தபால் வருதாம்ல?"

"எதிரி எப்படிக் குடும்பம் நடத்துறான்னு பாக்க வேணாமா?" என்றாய்.

மின்விசிறிக்குக் கீழே எனக்கு வாசித்துக் காட்டுவாய். எனக்குப் பாதி தூக்கம். சட்டம் போட ஒரு சபை, அதை நடத்த ஒரு ஜனாதிபதி, தப்பா சரியா என்று பார்க்க ஒரு கோர்ட். மூன்றும் தனித்தனி, ஒன்று வரம்பு மீறினால் இன்னொன்று கையைப் பிடித்து நிறுத்தும் என்றாய். மேல்சபைக்கு மாநிலம் பெரிதோ சிறிதோ தலா இரண்டு பேர் என்றதும் எனக்கு விளங்கவில்லை. "பூதலூருக்கும் ரெண்டு, கோடியக்கரைக்கும் ரெண்டு. நெல்லு வெளையிற ஊருன்னு கூடுதலும் கெடையாது, உப்பு வெளையிற ஊருன்னு கொறைச்சலும் கெடையாது," என்றாய். அதற்குப் பிறகு எந்தப் புத்தகம் சொல்லியும் எனக்கு அவ்வளவு தெளிவாகப் புரிந்ததில்லை.

நானும் அறிவாளிபோல ஒரு கேள்வி கேட்டேன். "மூணு பேருக்கும் சண்டை வந்தா?"

"வரணும் மாப்ளே. அவங்க ஒத்துமையா இருந்தாத்தான் நமக்கு ஆபத்து. நம்ம ஊரைப் பாரு, மூணும் ஒரே சாய்வு நாற்காலியில உக்காந்திருக்கு."

மிராசுதார் ஐயாவைச் சொன்னாய். நாம் இருவரும் அவருடைய நிலத்தைத்தான் குத்தகைக்குச் செய்துகொண்டிருந்தோம். நான் பயந்து வாசலை எட்டிப் பார்த்தேன்.

குத்தகைக்காரர் பெயரைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. பெயர் ஏறினால் சுலபமாக வெளியேற்ற முடியாது. அதனால் பெயர் ஏறுவதற்குள், 'என் மனப்பூர்வமாக நிலத்தை ஒப்படைக்கிறேன்' என்று ஐயாவின் ஆட்கள் வீடு வீடாக எழுதி வாங்க ஆரம்பித்தார்கள். எனக்கு இருந்தது அந்த ஒன்றே கால் ஏக்கர். அது போனால் கூலிக்கு நிற்கவேண்டியதுதான். மகள் அப்போது தாயின் வயிற்றில் இருந்தாள்.

நமக்கெல்லாம் ஒரு பழக்கம் உண்டு, நினைவிருக்கிறதா? பெரிய வீட்டிலிருந்து கூப்பிட்டால் துண்டு இடுப்புக்கு இறங்கும், வாய் தானாகத் "தப்புதாங்க" என்று சொல்லும். என்ன ஏது என்று பிறகுதான் கேட்போம். இதில் ஊரிலேயே வேகம் எனக்குத்தான். ஒரு முறை ஐயா, மாட்டுக்கு வயிறு உப்பினால் என்ன கொடுக்கலாம் என்று கேட்கக் கூப்பிட்டிருந்தார். போனதும் "தப்புதாங்க" என்றேன். மாட்டுக்கு வயிறு உப்பியதற்கு நான் பொறுப்பேற்றுக்கொண்டேன்.

அந்த வாய்தான் என்னைக் கவிழ்க்கப் பார்த்தது. என் வயல் வரப்பில் நண்டு வளை தோண்டியதில், வாய்க்கால் தண்ணீர் என் முறைக்கு முன்பே உள்ளே இறங்கிவிட்டது. ஐயாவின் நிலங்களைப் பார்த்துக்கொள்ளும் காரியக்காரர் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். வாசலில் பத்துப் பேர் நின்றார்கள். ஐயா சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"முறை தவறி மடையைத் தெறந்தியாடா?"

"தப்புதாங்க."

சொல்லிவிட்டேன். நண்டு தப்பித்துக்கொண்டது. தாள் தயாராக இருந்தது. தண்ணீர் திருடினேன், அதனால் நிலத்தை மனப்பூர்வமாக விடுகிறேன் என்று எழுதியிருந்தார்கள். காரியக்காரர் பேனாவை நீட்டினார். மற்றவர்கள் கைநாட்டு, நான் ஒருவன்தான் கையெழுத்து. அந்தத் திமிரில் யார் தாள் நீட்டினாலும் வாலெல்லாம் வைத்துப் போட்டுக் கொடுப்பேன். பேனாவை வாங்கியும்விட்டேன்.

அப்போது நீ வாசலைத் தாண்டி உள்ளே வந்தாய். உன் துண்டு தோளிலேயே இருந்தது. அதைத்தான் எல்லாரும் முதலில் பார்த்தோம்.

"ஐயா, ஒரு சந்தேகங்க. மடையைத் தெறக்கக்கூடாதுன்னு சொன்னது நீங்க. புடிச்சாந்தது உங்க காரியக்காரரு. தீர்ப்பும் நீங்களே சொல்லிட்டா, இவன் எங்கங்க போவான்?"

காரியக்காரர் குதித்தார். "டேய், இது என்ன கோர்ட்டுன்னு நெனைச்சியா?"

"கோர்ட்டு இல்லீங்க. அதைத்தாங்க நானும் சொல்றேன்."

நீ என் பக்கம் கையைக் காட்டினாய். "இவன் தப்புன்னு சொன்னதை ஒரு பேச்சா எடுக்காதீங்க. மாட்டு வைத்தியம் கேட்டப்பவும் இதையேதான் சொன்னான்."

யாரோ சிரித்துவிட்டார்கள். ஐயாவின் மீசைகூட ஒரு பக்கம் ஆடியது. அந்தச் சிரிப்புக்கிடையில் என் கையிலிருந்த பேனாவைப் பிடுங்கிக் காரியக்காரரிடம் கொடுத்துவிட்டு, என் காதில் சொன்னாய்: "வாயை மூடிட்டு வா. தனக்கு எதிரா தானே சாட்சி சொல்லணும்னு எவனுக்கும் கட்டாயம் இல்ல. அமெரிக்காவுல மட்டும் இல்லடா, நம்ம சட்டத்துலயும் இருக்கு, பாத்துட்டேன்."

கையெழுத்து விழாததால் தாசில்தார் விசாரணையில் என் பெயர் ஏறியது. உன் பெயர் ஏறவில்லை. உன் அப்பா காலத்து வாய்ப்பேச்சுக் குத்தகை, ஒரு ரசீது கிடையாது, நீ வெறும் கூலியாள் என்று பெரிய வீட்டில் சாதித்துவிட்டார்கள். சாட்சிக்கு நான் ஒருவன்தான் வந்தேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொன்னேன். போதவில்லை. நீ அரிசி ஆலைக்கு மூட்டை தூக்கப் போனாய். சங்கம் உனக்காக மேலே முறையிட்டது, அங்கேயும் தோற்றாய்.

என் நிலத்தில் பாதியைச் செய் என்று கெஞ்சினேன். மறுத்துவிட்டாய். "எனக்காகப் பேசப்போய்த்தானே உனக்கு இப்படி ஆச்சு?" என்று ஒரு நாள் ஆலை வாசலில் கேட்டேன்.

முதுகில் உமியோடு நின்று சிரித்தாய். "உனக்காகன்னு யாருடா சொன்னா? படிச்சதை ஒருதரமாவது வாய்விட்டுச் சொல்லிப் பாக்கணும்னு ஆசை. சொல்லிட்டேன்."

அந்த ஒன்றே கால் ஏக்கர்தான் என் மகளைக் காலேஜுக்கு அனுப்பியது. பஸ் ஏறும்போது உன் காலைத் தொட்டுக் கும்பிடச் சொன்னேன். ஏன் என்று அவள் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. நேற்றுத்தான் முழுதும் சொன்னேன். அவள் அழுதாள். நானும்தான், ஆனால் வாத்தியார் என்பதால் போனில் கேமராவை அணைத்துவிட்டேன்.

இதையும் உனக்குச் சொல்லவேண்டும். ஊரில் இப்போது பாசனக் குழு இருக்கிறது. வேறு ஆள் கிடைக்காமல் என்னைத் தலைவராக்கியிருக்கிறார்கள். போன மாதம் வெளியூர் வாத்துக்காரர் ஒருவரின் வாத்துகள் நாற்றங்காலில் இறங்கி உழக்கிவிட்டன. என் நாற்றங்கால். அவரைக் கூட்டி வந்து நிறுத்தினார்கள். மனிதர் கும்பிட்ட கையை இறக்கவே இல்லை.

"சொல்லுங்க தலைவரே, எவ்வளவு அபராதம் போடலாம்?" என்றார்கள்.

எனக்குக் கோபம் இருந்தது மாப்ளே, பொய் சொல்லமாட்டேன். ஒரு தொகைகூட மனதில் வைத்திருந்தேன். ஆனால் எழுந்துவிட்டேன். "புகார் சொல்றவன் நான். தீர்ப்பு நான் சொல்லக்கூடாது. வேற மூணு பேரு உக்காருங்க," என்று சொல்லி அந்த வாத்துக்காரர் பக்கத்தில் போய் நின்றேன். "கையை எறக்குங்க. நடந்ததை மட்டும் சொல்லுங்க," என்றேன்.

அவர் சொன்னார். என் வாய்க்கால் கரை உடைந்து பத்து நாளாக அடைக்காமல் கிடந்ததாம், தண்ணீர் போன வழியில் வாத்து போயிருக்கிறது. மூன்று பேரும் போய்ப் பார்த்து வந்து, கரையை அடைக்காத தலைவர்மேல்தான் தப்பு என்று சொல்லிவிட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் மனைவி கேட்டாள், "என்னங்க ஆச்சு?"

"தோத்துட்டேன்."

"அதுக்கா இப்படிச் சிரிச்சுக்கிட்டு வர்றீங்க?" என்றபடி இலையைப் போட்டாள். இரண்டாம் தரம் சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.